பந்து கையை விடும் வரை

எங்கள் பள்ளியில் பையன்களுக்கு பேஸ்பால், பெண்பிள்ளைகளுக்கு சாஃப்ட்பால். பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களில் இந்த இரண்டு பெயர்களையும் அதற்கு முன் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். கபடிக்கும் வாலிபாலுக்கும் ஊருக்கு ஊர் நல்ல அணிகள் இருந்தன. அவர்களையெல்லாம் ஜெயித்து மாவட்டத்துக்குப் போவது ஆகிற காரியமில்லை என்று எங்கள் விளையாட்டு டீச்சருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அதிகம் பேர் ஆடாத ஆட்டமாக எடுத்துக்கொண்டால் சீக்கிரம் மேலே போய்விடலாம் என்று அவர் நினைத்தார். அப்படித்தான் உருட்டுக் கட்டைகளும் தோல் கையுறைகளும் ஒரு சாக்குப் பையில் எங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்தன.

அக்கா அப்போது பத்தாம் வகுப்பு. சாஃப்ட்பால் அணிக்கு அவள்தான் கேப்டன். ஒன்பது பேர் சேரவில்லை என்பதால் ஏழாம் வகுப்பிலிருந்த என்னையும் இழுத்துக்கொண்டார்கள்.

ஆட்டம் ஒன்றும் கஷ்டமில்லை. மைதானத்தில் சாய்சதுரமாக நான்கு இடங்கள். அதில் ஒன்றுக்கு ஹோம் என்று பெயர். அங்கே நின்று பந்தை அடித்துவிட்டு, முதல் பேஸ், இரண்டாவது, மூன்றாவது என்று சுற்றி மறுபடி ஹோமுக்கு வந்து சேர்ந்தால் ஒரு ரன். மூன்று நல்ல பந்துகளைத் தவறவிட்டால் அவுட். அடித்த பந்தைத் தரையில் விழுமுன் யாராவது பிடித்தாலும் அவுட். அடித்துவிட்டு ஓடுகிறவள் முதல் பேஸைத் தொடுவதற்குள் பந்து அங்கே போய்விட்டால் அதுவும் அவுட். மூன்று பேர் அவுட்டானதும் எதிரணி அடிக்க வரும். இதுவரைக்கும் பேஸ்பாலும் சாஃப்ட்பாலும் ஒன்றுதான்.

சண்டையெல்லாம் இதற்கு அப்புறம்தான் வரும். பேஸ்பாலில் பந்து சின்னது, கைக்குள் அடங்கிவிடும். மண்ணைக் குவித்து மேடாக்கிய இடத்தில் நின்று, தோளுக்கு மேலே கையைத் தூக்கி வீசுவார்கள். ஒன்பது இன்னிங்ஸ் நடக்கும். சாஃப்ட்பாலில் ஏழுதான். பந்து பெரிய சாத்துக்குடி அளவு இருக்கும். பேரில்தான் சாஃப்ட், மேலே பட்டால் கன்றிப்போகும். சமதரையில் நின்று, கையை ராட்டினம் மாதிரி ஒரு சுற்றுச் சுற்றி இடுப்புக்குக் கீழேயிருந்து விட வேண்டும். பேஸ்களுக்கு இடையில் தூரமும் குறைவு. எல்லாவற்றையும் விட முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. பேஸ்பாலில், எதிரணிக்காரன் பந்தைக் கையில் வைத்திருக்கும்போதே நாம் பேஸை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து நிற்கலாம். சாஃப்ட்பாலில் அது கூடாது. வீசுபவளின் கையை விட்டுப் பந்து கிளம்பும் வரை கால் பேஸிலேயே இருக்க வேண்டும். முன்னாலேயே எடுத்தால் ஓடியவள் அவுட். அந்தப் பந்தும் கணக்கில் வராது. அடிப்பவள் அதை எவ்வளவு தூரம் அடித்தாலும் வீண்.

நான் முதலில் பையன்களோடுதான் ஆடிப் பழகினேன். அதனால் என் கால் எப்போதும் அவசரப்படும். அக்கா எங்கே நின்றாலும் என்னைப் பார்த்து, "கால்!" என்று ஒரு அதட்டல் போடுவாள். வீட்டுக்கு வந்து நான் அதை நைனாவிடம் வழக்காகக் கொண்டுபோவேன். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

நைனாவுக்கு இந்த ஆட்டத்தின் மேல் ஒரு விநோதமான ஈடுபாடு வந்துவிட்டிருந்தது. ஒருநாள் வலை பிரித்துக்கொண்டிருந்தவர், நாலு மிதவைகளை எடுத்து வாசல் மணலில் வைத்து, "இன்னாடி அது, வெளக்கமா சொல்லுங்க" என்று கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொன்னோம். கால் எடுக்கும் விஷயம் வந்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அது இன்னாமா நாயம்? பையனுங்க முன்னாடியே நவுந்துக்கலாம், பொண்ணுங்க மட்டும் நட்டு வெச்ச கொம்பாட்டம் நிக்கணுமா?"

"அதுக்கில்ல நைனா," என்றாள் அக்கா. "இதுல தூரம் கம்மி. முன்னாடியே ஓட வுட்டா எல்லாரும் ஈசியா அடுத்த பேஸுக்கு பூந்துடுவாங்க."

நைனா மிதவைகளையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எது எப்டியோ, சின்னவ சொல்றதுதான் எனக்கு சரியா படுது" என்றார். எப்போதும் அதேதான் தீர்ப்பு. அக்கா சிரித்துக்கொண்டே உள்ளே போய்விடுவாள். சட்டம் அவள் பக்கம் இருந்தது, நைனா என் பக்கம் இருந்தார்.

அந்த வருடம் மழை தொடங்குவதற்கு முன், பொன்னேரியில் ஒரு பள்ளி மைதானத்தில் எங்களுக்கு மாட்ச். ஜெயிக்கிற அணி மாவட்டப் போட்டிக்குப் போகும். காலையில் நாங்கள் எழுந்தபோது நைனாவும் மாமாவும் கடலுக்குப் போயிருந்தார்கள். மாமா என்றால் அம்மாவின் தம்பி. இருவரும் ஒரே ஃபைபர் படகில்தான் தொழில் செய்தார்கள். அம்மா எங்களுக்குத் தலை பின்னி, வழியில் சாப்பிட ஒரு டப்பாவில் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பினாள்.

எதிரணி காட்டூர்ப் பக்கத்துப் பிள்ளைகள். நெல் விளைகிற ஊர்க்காரர்கள், வெயிலுக்கு அசராதவர்கள். கடைசி இன்னிங்ஸ் வரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். நாங்கள் ஒரு ரன் பின்னால் இருந்தோம். இரண்டு பேர் அவுட். மூன்றாவது பேஸில் அக்கா, இரண்டாவதில் இன்னொரு பெண். அடிக்க வேண்டியது நான். நான் ஒழுங்காக ஒரு அடி அடித்தால் இரண்டு பேரும் ஹோமுக்கு வந்துவிடுவார்கள், ஜெயித்துவிடலாம். முதல் இரண்டு பந்துகளையும் வீணாக்கினேன்.

மூன்றாவது பந்துக்கு அந்தப் பெண் கையைச் சுற்றினாள். நான் அடித்தேன். அப்படி ஒரு அடி அதற்கு முன்னும் நான் அடித்ததில்லை, பின்னும் அடித்ததில்லை. கட்டையில் பட்டதே கையில் தெரியவில்லை. பந்து எல்லாருடைய தலைக்கும் மேலே போய், மைதானத்தின் கோடியிலிருந்த வேலிக்காத்தான் புதரில் விழுந்தது. நான் ஓடினேன். முதல் பேஸ், இரண்டாவது, மூன்றாவது என்று எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு, கத்திக்கொண்டே ஹோமுக்கு வந்தேன். என்னைக் கட்டிப்பிடிக்க அங்கே யாரும் இல்லை. காட்டூர்ப் பிள்ளைகள்தான் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

அம்பயர் இரண்டு கையையும் மேலே தூக்கியபடி நின்றார். மூன்றாவது பேஸில் இருந்தவள் பந்து கையை விடுவதற்கு முன்பே ஓடிவிட்டாள், அதனால் அவள் அவுட், அந்தப் பந்து செல்லாது, ஆட்டம் முடிந்தது என்றார்.

மூன்றாவது பேஸில் இருந்தவள் அக்கா. எங்கள் எல்லாருக்கும் அந்தச் சட்டத்தைச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான்.

திரும்பிப் பார்த்தேன். ஹோமுக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் பள்ளியின் கேட் இருந்தது. அக்கா அங்கே நின்றாள். அவள் பக்கத்தில் மாமா. காலில் செருப்பில்லை. டீச்சர் அவர்களிடம் போய் ஏதோ கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார். என் பையையும் செருப்பையும் எடுத்து என் கையில் கொடுத்து, "அக்கா கூட கெளம்புமா" என்றார்.

"மிஸ், அம்பயர் கிட்ட கேளுங்க மிஸ். நான் அடிச்சது நல்ல பால்."

டீச்சர் என் தலையைத் தடவினார். தோற்றதற்கு ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்து நான் தலையை இழுத்துக்கொண்டேன்.

மாமா யாருடைய வண்டியையோ வாங்கிக்கொண்டு வந்திருந்தார். அவர் ஓட்ட, நான் நடுவில், அக்கா எனக்குப் பின்னால். மாமாவின் சட்டை பாதி காய்ந்து, முதுகில் உப்புப் பூத்திருந்தது. "இன்னா மாமா, சட்டையோட குளிச்சியா?" என்று கேட்டேன். அவர் வண்டியை இன்னும் முறுக்கினார். எனக்கும் பதில் தேவைப்படவில்லை. எனக்கு வேண்டியிருந்தது அக்காவோடு சண்டை.

"ஏன் ஓடின?"

"தெரியாம ஓடிட்டேன்டி."

"என்ன மட்டும் கால் கால்னு கத்துவ. நீ மட்டும் எடுக்கலாமா?"

"எடுக்கக் கூடாது. தப்புதான்."

"பேஸ்பாலா இருந்தா?"

"பேஸ்பாலா இருந்தா செல்லும். ரெண்டு பேரும் உள்ள வந்திருப்போம். நாமதான் ஜெயிச்சிருப்போம்."

"நான் அடிச்சது ஹோம் ரன்னு."

"ஆமா. ஹோம் ரன்னுதான்."

இப்படியே வழியெல்லாம். ஒவ்வொன்றுக்கும் அவள் பதில் சொன்னாள். வழக்கமாக நான் ஒன்று சொன்னால் அவள் இரண்டு சொல்லி அடக்குவாள். அன்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். அதனால் என் கோபம் இன்னும் ஏறியது. அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. என் இடுப்பைச் சுற்றியிருந்த அவள் கை மட்டும் தெரிந்தது. நகத்திலெல்லாம் மைதானத்துச் செம்மண்.

"இரு, நைனா வரட்டும். நைனா கிட்ட சொல்றேன்," என்றேன்.

"சொல்லு," என்றாள்.

மாமாவின் முதுகு குலுங்கியது. வண்டி ஓரமாக ஒதுங்கி, மறுபடி நேரானது. ரோடு சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பழவேற்காடு கடைத்தெரு தாண்டியபோது பேசிப் பேசி ஓய்ந்துபோய் நான் வாயை மூடிக்கொண்டேன். பாலத்தில் ஏறும்போது அக்கா என் காதருகே குனிந்து, "பேஸ்பால்ல எத்தன இன்னிங்ஸு?" என்று கேட்டாள்.

"ஒனக்கு தெரியாதா?"

"நீ சொல்லேன்."

"ஒம்போது."

"நம்மளுதுல?"

"ஏழு." என்னைக் கேலி செய்கிறாள் என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பாலத்துக்குக் கீழே ஏரி அமைதியாகக் கிடந்தது. கடல் பக்கமிருந்து மட்டும் காற்று பலமாக அடித்தது.

பந்து பெரிசா, சின்னதா என்று கேட்டாள். கை மேலேயா, கீழேயா என்று கேட்டாள். நான் கடுகடுவென்று சொல்லிக்கொண்டே வந்தேன். குப்பம் வந்ததும் அவள் கேட்பதை நிறுத்தினாள். எங்கள் வீட்டு முன்னால் இருந்த கூட்டம் வண்டியைப் பார்த்ததும் விலகி வழிவிட்டது. அப்போதுதான் உள்ளேயிருந்து வந்த அம்மாவின் குரலைக் கேட்டேன்.

முகத்துவாரத்தில் மணல் மேடிட்டிருந்தது. திரும்பி வரும்போது அந்த இடத்தில் ஒரு பெரிய அலை படகைத் தூக்கிக் கவிழ்த்துவிட்டது. மாமா நீந்திக் கரையேறிவிட்டார். நைனா படகுக்கு அடியில் சிக்கிக்கொண்டார். மற்ற படகுக்காரர்கள் போய் அவரை எடுத்துக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நாங்கள் உள்ளே போனபோது அவரைக் கூடத்தில் பாய்மேல் கிடத்தியிருந்தார்கள். தலைமுடி ஈரமாக இருந்தது. அவரிடம் சொல்வதற்காக நான் வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்று கூட எனக்கு ஞாபகம் வரவில்லை. அக்கா என் முதுகில் கை வைத்து, அம்மாவின் பக்கத்தில் என்னை உட்கார வைத்தாள். அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். அவள் அப்படிச் சத்தம் போட்டு அழுது நான் பார்த்ததில்லை.

அந்த மாட்ச்சைப் பற்றி நாங்கள் மறுபடி பேசவே இல்லை. மாமா சில மாதம் கடலுக்குப் போகவில்லை. காட்டுப்பள்ளியில் ஏதோ கூலி வேலை பார்த்தார். பிறகு வேறொருவர் படகில் சேர்ந்துகொண்டார். அக்கா பள்ளிக்கும் ஆட்டத்துக்கும் திரும்பினாள். அடுத்த வருடம் மாவட்டத்துக்குப் போனோம். அங்கே இரண்டாவது ஆட்டத்திலேயே தோற்றோம்.

அவள் ஏன் காலை எடுத்தாள் என்பது எனக்குக் கொஞ்ச நாளில் புரிந்துவிட்டது. மூன்றாவது பேஸில் நின்றால் நேரெதிரே ஹோம். அதற்குப் பின்னால் கேட். நைனாவோடு கடலில் இருக்க வேண்டிய மாமா அங்கே தனியாக வந்து நின்றதைப் பார்த்துவிட்டாள். அதற்கு மேல் அவளுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்படியானால் வண்டியில் வரும்போது எல்லாம் தெரிந்துகொண்டேதான் எனக்குப் பதில் சொல்லிக்கொண்டு வந்தாள். வீடு போய்ச் சேரும் வரைக்குமாவது சின்னப் பிள்ளைக்குத் தெரிய வேண்டாம் என்று தாங்கிக்கொண்டாள் என்றுதான் பல வருடங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன். மனதுக்குள் அவளைக் கும்பிட்டிருக்கிறேன்.

அக்காவை ஆரம்பாக்கத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறது. போன வருடம் ஒருநாள் அவள் வீட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தபோது, முதல் தடவையாக அதைப் பற்றிக் கேட்டேன். எனக்காக எவ்வளவு பொறுத்துக்கொண்டாய் என்றேன்.

அவள் கையை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"ஒனக்காகவா?" என்றாள். "நீ திட்டினே வந்தியா, நான் பதில் சொல்லினே வந்தேன். அது இல்லனா நான் வண்டியில இருந்து உழுந்திருப்பேன்டி. பாலத்தாண்ட நீ திடீர்னு கம்முனு ஆயிட்ட. எனக்கு கையெல்லாம் ஒதற ஆரம்பிச்சிடுச்சி. அதான் எத்தினி இன்னிங்ஸு, எத்தினி இன்னிங்ஸுனு ஒன்ன கேட்டுனு இருந்தேன்."

ஏழு என்றும் ஒன்பது என்றும் அன்று எரிச்சலோடு சொன்ன அந்தச் சின்னப் பிள்ளைக்கு, தன் இடுப்பைச் சுற்றியிருந்த அந்தக் கை தன்னை விழாமல் பிடித்திருக்கிறது என்றுதான் தெரியும்.