நடுரோட்டில் உளுந்தங்களி

மில் சங்கு ஊதுவதற்குச் சற்று முன்பே மாஜிதா அண்டாவின் மூடியைச் சாய்த்துவிடுவாள். கருப்பட்டியும் நல்லெண்ணெயும் கலந்த வாசம் ரோட்டைத் தாண்டி எதிர்ச்சாரி டீக்கடை வரைக்கும் போகும். போகட்டும் என்றுதான் சாய்ப்பாள். முக்காட்டை இழுத்துக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு, எண்ணெய் தொட்ட கையால் உளுந்தங்களியை உருட்டத் தொடங்கினால், யார் கூப்பிட்டாலும் நிமிர மாட்டாள்.

தோலோடு வறுத்துத் திரித்த உளுந்து. தோலை நீக்கினால் களி வெள்ளையாக இருக்குமே என்று யாராவது சொன்னால் போதும். "வெள்ளையா வேணும்னா சுண்ணாம்பு வாங்கித் தின்னு" என்பாள். பார்சல் கிடையாது. "எண்ணெயப் பூராம் பேப்பரு குடிச்சிரும். பொறவு ஒன் இடுப்புக்கு என்ன மிஞ்சும்?"

பார்சல் கேட்பவர்களுக்கும் காரணம் உண்டு. ராஜபாளையம் வட்டாரத்தில் உளுந்தங்களி என்றால், பெண் சமைந்த வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஊட்டுவது. அதைத் தெருவில் வைத்து விற்றவளை ஊர் அதுவரை பார்த்ததில்லை. நாள் முழுக்க நின்று நூல் சுற்றுகிற பெண்கள் டீயும் பன்னுமாகக் காலம் தள்ளுகிறார்கள் என்பது மட்டும்தான் மாஜிதாவின் கண்ணில் பட்டது. எண்பத்தொன்பது கோடையில், பக்கத்துக் கிராமத்திலிருந்து வேலைக்கு வருகிற சீனியம்மாள் மில் வாசலிலேயே மயங்கிச் சரிந்தாள். மடியில் சாய்த்து முதல் உருண்டையை ஊட்டியவள் மாஜிதாதான். அன்றிலிருந்து அண்டாவைச் சுற்றிக் கூட்டம்.

கூட்டத்தைக் கலைத்தவன் லோடுமேன் வேல்சாமி. டீக்கடை பெஞ்சில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "ஏட்டி சீனி, ரெண்டாந்தரம் சமஞ்சிட்டியா?" என்று ஒருநாள் கத்தினான். பெஞ்சே சிரித்தது. மறுநாளிலிருந்து பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு மில் பஸ்ஸுக்கு ஓடினார்கள். களி மிஞ்சியது. மாஜிதாவின் வீட்டில் அவள் ஒருத்தி கையால்தான் அடுப்பெரிகிறது. களி விற்காவிட்டால் அதுவும் இல்லை.

டீக்கடை மாரிசாமி இரக்கப்பட்டுச் சொன்னார்: "எதுக்கு பாயம்மா வம்பு? சந்துக்குள்ள வச்சு வித்துட்டுப் போங்களேன்."

"ஒளிச்சு விக்க இது என்ன சாராயமா அண்ணாச்சி?"

அடுத்த நாள் சங்கு ஊதியதும் அண்டாவை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ரோட்டைக் கடந்தாள். வேல்சாமி உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு நேரெதிரே ஸ்டூலைப் போட்டு அமர்ந்தாள். பெரிய உருண்டையாக ஒன்றை எடுத்து, எல்லோரும் பார்க்கத் தானே தின்னத் தொடங்கினாள். முழங்கை வரை எண்ணெய் வழிந்தது. துடைக்கவில்லை.

வேல்சாமிக்கு வாய் சும்மா இருக்குமா? "என்ன பாயம்மா, ஒங்களுக்கும் சடங்கா?"

"ஆமாலே, இன்னைக்குத்தான். தாய்மாமன் நீ வெறுங்கையோட உக்காந்திருக்க? தட்டு எங்க? சீரு எங்க?"

இந்தத் தடவையும் பெஞ்சு சிரித்தது. ஆனால் வேல்சாமியைப் பார்த்து. "மாமோய், பட்டா, நூலா? எந்தச் சேலை எடுத்தாந்தீக?" என்று எவனோ பின்னாலிருந்து இழுத்தான். வேல்சாமி டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான்.

எதிர்ப்பக்கம் மில் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. படியில் ஒரு காலை வைத்திருந்த சீனியம்மாள் இறங்கினாள். தலையில் பஞ்சு ஒட்டியிருக்க, குனியாமல் ரோட்டைக் கடந்து வந்து கையை நீட்டினாள்.

"பஸ்ஸு போயிரும்டி."

"போகட்டும்க்கா. நடந்து போய்க்கிடுதேன்."

இப்போதும் மாஜிதா அந்த இடத்தில்தான் விற்கிறாள். வருகிறவர்கள் உட்காரப் பெஞ்சு ஒன்று வாங்கியிருக்கிறாள். தின்கிற பெண்களின் முகம் டீக்கடைக்குத் தெரியாதபடி, மாரிசாமி அதை மரியாதையாகச் சுவர்ப்பக்கம் பார்க்கப் போட்டுவைப்பார். அவள் தினமும் வந்ததும் முதல் வேலையாக அதை இழுத்து, டீக்கடையைப் பார்க்கத் திருப்பிப் போடுகிறாள்.