மும்தாஜ் அக்கா சொல்லாத ‘நல்லாருக்கு’

செய்தி வந்த நேரத்தில் நான் மும்தாஜ் அக்காவைப் போல நடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நாத்தனார் வீட்டிலிருந்து வந்திருந்தார்கள். ஈரத்துண்டைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு, தோசைக்கரண்டியை ஈயம் உருக்கி ஒட்டுகிற சால்டரிங் அயனாகப் பிடித்துக்கொண்டு, பழைய வீடியோ கேம் பெட்டியை அக்கா எப்படி மோந்து மோந்து பார்ப்பார் என்று காட்டினேன். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. அக்கா வீட்டு நம்பர். அவரையே அவர் குரலில் கிண்டல் செய்துவிடலாம் என்று எடுத்தேன். “சொல்லும்மா, பெட்டி செத்துச்சா, நீ செத்தியா?”

அந்தப் பக்கம் அக்காவின் மருமகள் ஆயிஷா. “ஆன்ட்டி, மாமி மவுத்தாயிட்டாங்க. விடியக்காலைல” என்றாள். காட்டூரில் பஸ் ஏறும்போது கண்டக்டர் என் தலையையே பார்த்தார். துண்டு அப்போதும் தலையில்தான் இருந்தது.

அந்தக் கேள்வி அக்காவுடையது என்பது அவரிடம் பெட்டி கொடுத்த உங்கள் எல்லோருக்கும் தெரியும். ரிப்பேர் என்று யார் போன் செய்தாலும் முதலில் அதைத்தான் கேட்பார். பாதிப் பேர் விளையாட்டில் தோற்றுவிட்டு மெஷினைக் குறை சொல்கிறார்கள் என்பது அவர் எண்ணம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மலைக்கோட்டைக்குக் கீழே, ஜவுளிக்கடைச் சந்து ஒன்றில் மாடிவீடு. அங்கே உட்கார்ந்துகொண்டு, உலகம் தூக்கிப் போட்ட கம்ப்யூட்டர்களையும் கேம் பெட்டிகளையும் எழுப்பி உட்கார வைத்தவர் மும்தாஜ் அக்கா. காட்டூரில் அதே வேலையைச் செய்கிறவள் பாக்கியம், அதாவது நான். ஆறாம் வகுப்போடு நின்றவள். இந்த அஞ்சலியில் உள்ள எழுத்துப் பிழைகளை ஸ்ரீரங்கம் சௌரி சார் திருத்தித் தருகிறார். அவரைப் பற்றி எழுதியிருப்பதில் மட்டும் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

நல்லவர், வல்லவர் என்று மற்றவர்கள் எழுதுவார்கள். அது உண்மையும்கூட. ஆனால் எனக்கு அக்கா மேல் பொறாமை. செத்த பிறகாவது போகும் என்று பார்த்தேன். போகவில்லை. இத்தனை வருஷமாக எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். என் வேலையைப் பார்த்து அந்த அக்கா வாயால் ‘நல்லாருக்கு’ என்று ஒரு தடவை சொல்ல வேண்டும். கடைசிவரை சொல்லவில்லை. அந்த ஆற்றாமையில்தான் எழுதுகிறேன்.

பொறாமை எப்படி ஆரம்பித்தது என்றால், ஒரு வாடிக்கைக்காரர் வாயால் ஆரம்பித்தது. எங்கள் வீட்டு முன்னறையில் அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்கு டிவி கேம் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தேன். பெட்டி கெட்டுப்போனால் நானே திறந்து, சுட்டுக்கொண்டு, கற்றுக்கொண்டேன். பிற்பாடு அந்தப் பிள்ளைகளே மீசை வைத்து, வேலைக்குப் போய், சின்ன வயதில் விளையாடின பெட்டிகளைத் தேடிப்பிடித்து என்னிடம் கொண்டுவந்தார்கள். நகரத்திலேயே இதற்கு நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒருவர் வந்து, “நீங்க சரிபண்ணின பெட்டி மறுபடி படுத்துடுச்சும்மா. மலைக்கோட்டைல ஒரு அக்கா சரிபண்ணிட்டாங்க” என்றார். அதோடு விட்டாரா? “இப்ப சூப்பரா இருக்கு” என்று வேறு சொன்னார்.

சண்டை போடத்தான் போனேன். மாடி ஏறினால் கொடியில் துணி காய்கிறது. அதற்குப் பக்கத்தில் சர்க்யூட் போர்டுகளும் வரிசையாகக் காய்கின்றன. அக்கா ஒரு போர்டைச் சோப்புப் போட்டு, பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“தண்ணில கழுவுறீங்களே, கெட்டுப்போகாது?” என்றேன்.

“கரண்ட் இருக்கும்போது கழுவினாத்தான் கெடும். நாமகூடக் குளிச்சுட்டுத்தானே ஸ்விட்சைத் தொடுறோம்? உட்காருங்க, டீ போடுறேன். யாரு நீங்க?”

“காட்டூர் பாக்கியம்.”

“அட, அந்த ஈயத்தை அள்ளி அள்ளி வைக்கிறவங்களா!”

சண்டை போட வந்தவள் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். டீயும் நன்றாக இருந்தது. அதிலும் எனக்குப் பொறாமை.

மஞ்சளாகிப்போன பழைய கம்ப்யூட்டரை அவர் வெள்ளையாக்கும் விதம் உங்களில் பலருக்குத் தெரியும். பியூட்டி பார்லரில் தலைமுடிக்குப் போடுகிற கிரீமை வாங்கிவந்து மேலே தடவி, பாலிதீன் தாளில் சுற்றி, மொட்டைமாடி வெயிலில் வைப்பார். திருச்சி வெயிலை நாமெல்லாம் திட்டிக்கொண்டிருக்க, அதை வேலைக்காரனாக வைத்துக்கொண்ட ஒரே மனுஷி அவர்தான். நானும் செய்தேன். என் கம்ப்யூட்டர் வரிவரியாக, வரிக்குதிரை மாதிரி வந்தது. எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். சிரிக்கவில்லை, அதுதான் எரிச்சல். “அப்பளம் காயவெச்சா திருப்பிப் போட மாட்டியா? கால் மணிக்கொருதரம் திருப்பணும்மா” என்றார். அப்பளம் நான் வாங்கிப் பொரிப்பதோடு சரி என்று அவரிடம் நான் சொல்லவில்லை.

ஸ்ரீரங்கத்து மீன் கதையைச் சொல்லாமல் விட்டால் சௌரி சாரே என்னை விடமாட்டார். உத்தர வீதியில் அவர் வீடு. அவர் இளவயதில் வாங்கின கம்ப்யூட்டர் ஒன்றைக் கூடத்தில், பெருமாள் அறைக்கு அடுத்தாற்போல் வைத்திருக்கிறார். ஒருநாள் போன் வந்தது. அவர் மனைவி கோமளா மாமிதான் பேசினார். “பாக்கியம், சித்த வந்துட்டுப் போங்கோ. கூடத்துல மீன் வாடை அடிக்கறது. பெருமாளுக்குத் தளிகை பண்ணவே கை வரலை. இவர் கம்ப்யூட்டர் ஓடலைங்கறார். எனக்கு அதுவா முக்கியம்?”

அக்காவுக்கும் சொல்லியிருந்தார்கள். நான் முதலில் போய்ச் சேர்ந்தேன். பூனை எதையோ இழுத்துவந்து போட்டிருக்கிறது என்று சொல்லி, டார்ச் அடித்துக்கொண்டு பரண் மேல் ஏறினேன். மாமி ஒரு பக்கம் கூடத்தை அலம்பிவிட்டுக்கொண்டிருந்தார். சௌரி சார் ஏணியைப் பிடித்துக்கொண்டு, “பூனை தெரியறதா?” என்று கேட்டபடி இருந்தார். பூனை தெரியவில்லை. பித்தளைப் பாத்திரங்கள்தான் தெரிந்தன.

அப்புறம் அக்கா வந்தார். வாசலிலேயே நின்றார். மூக்கை ஒரு உறிஞ்சு. “சார், கம்ப்யூட்டர் மூடியைக் கழட்டுங்க” என்றார். கழற்றினதும் வாடை குப்பென்று வந்தது. “கண்டன்சர் ஒழுகியிருக்கு. அதுக்குள்ள இருக்கிற தண்ணி வெளியே வந்தா இப்படித்தான் மீன் மாதிரி வீசும்.”

மாமி ஒரு அடி பின்னால் போய் நின்றுகொண்டு, “அது சைவம்தானே?” என்று கேட்டார்.

“சுத்த சைவம் மாமி. நான் கேரண்டி.”

நானும் மீன் ஆய்ந்து குழம்பு வைக்கிற வீட்டுக்காரிதான். எனக்கு ஏன் அந்த மூக்கு இல்லை? பரண் மேலேயே உட்கார்ந்து இதை யோசித்தேன். இறங்கி வந்தபோது என் புடவை முழுக்க ஒட்டடை. அக்கா கையில் மாமி கொடுத்த புளியோதரை.

அக்காவிடம் ஒரு கட்டாய வழக்கம் இருந்தது. சரிசெய்த கேம் பெட்டியைச் சும்மா கொடுத்தனுப்ப மாட்டார். சொந்தக்காரர் அங்கேயே, அக்காவுடைய பழைய பிக்சர் டியூப் டிவி முன்னால் உட்கார்ந்து விளையாட வேண்டும். அவர் விளையாட்டில் தோற்ற பிறகுதான் டெலிவரி. “மெஷின் நல்லா இருந்தா நாமதான் சாகணும், மெஷின் சாகக் கூடாது” என்பார். லால்குடியிலிருந்து ஒரு தம்பி வந்தார். அவர் தோற்கவே மாட்டேன் என்கிறார். அக்கா மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தார், ஆட்டம் ஓடுகிறது. சோறு ஆக்கிவிட்டு வந்தார், ஓடுகிறது. தட்டில் போட்டு ஊட்டாத குறை. கடைசியில் அந்தத் தம்பிக்கு லால்குடி ரயில் போய்விடும் என்ற கவலை வந்து, தானே போய்ப் பள்ளத்தில் குதித்துச் செத்தார்.

“அது செல்லாது. தற்கொலை கணக்குல வராது. இன்னொரு ஆட்டம்!” என்றார் அக்கா.

அந்தத் தம்பி அடுத்த ரயிலில் போனார். மறுபடி வந்தார், அண்ணனைக் கூட்டிக்கொண்டு. என் வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாங்கிக்கொண்டு போகிறார்கள். அதே பெட்டி, அதே வேலை. பிறகு என்னதான் வித்தியாசம் என்று கேட்டால், எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சௌரி சாரும் இந்த வேலையைப் பழகினார். அவர் வைக்கிற ஈயம் சுண்டைக்காய் மாதிரி உருண்டுகொண்டு நிற்கும். எடுத்துக்கொண்டு போய் அக்காவிடம் காட்டுவார். அக்கா பார்த்துவிட்டு, “அருமை சார்! என்னமா வந்திருக்கு” என்பார். அவரும் பாயசம் குடித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு இறங்கிவருவார். நான் கொண்டுபோனால், தலையில் மாட்டுகிற பூதக்கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டு மூலைமூலையாகத் தேடுவார். “இது எழும்பி நிக்குது.” “இதுல காத்து புகுந்திருக்கு.” தேடித்தேடி ஒரு குற்றம். பிறகு அவரே அயனை எடுத்து அதை உருக்கி மறுபடி வைப்பார். எனக்கு அழுகையே வரும். சுண்டைக்காய்க்கு அருமை, எனக்கு இதுவா?

இந்த வருஷம் அவர் உடம்பு விழுந்து கட்டிலோடு ஆனபோது நான் ஒரு முடிவெடுத்தேன். ஏரியல் ஒயரில் மட்டும் படம் காட்டுகிற பழைய கேம் பெட்டி ஒன்று என்னிடம் இருந்தது. புதுத் தட்டை டிவியில் போட்டால் எறும்பு ஊர்வது மட்டும்தான் தெரியும். அதன் உள்ளே சின்ன போர்டு ஒன்று வைத்து, தலைமுடி கனத்துக்கு ஒயர் இழுத்து, புது டிவியில் பளிச்சென்று படம் வரும்படி மாற்றினேன். என் வாழ்நாளில் நான் செய்த நல்ல வேலை அது. அக்கா போவதற்குள் ஒரு ‘நல்லாருக்கு’ வாங்கிவிட வேண்டும். அவ்வளவுதான்.

கொண்டுபோய்க் கட்டிலில் வைத்தேன். ஆயிஷா தலையணை வைத்து உட்கார வைத்தாள். கண்ணாடியை இறக்கிக்கொண்டார். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பார்த்தார். கை அயனைத் தேடும் என்று பார்த்தேன், தேடவில்லை. வாய் திறந்தது.

“மூடு” என்றார்.

“மூடவா? அப்புறம்?”

“அப்புறம் என்ன, ஸ்க்ரூ போடு. ஆயிஷா, பாக்கியத்துக்கு டீ.”

பெட்டியை எடுத்துக்கொண்டு, டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

மவுத்துக்குப் போனபோது சந்து கொள்ளாத கூட்டம். மீசை வைத்த ஆண்பிள்ளைகள் அவ்வளவு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். எனக்கு இத்தனை பேர் வருவார்களா என்று நினைத்துப் பார்த்தேன். என் வீட்டுக்காரரையும் சௌரி சாரையும் தவிர யாரும் மனதில் வரவில்லை. ஜனாசாவைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் போன பிறகு, பெண்களோடு மேலே உட்கார்ந்து அழுதேன். பொறாமையில் அழுகிறேனா, வேறு எதற்காவது அழுகிறேனா என்று அப்போது பிரித்துப் பார்க்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஆயிஷா கூப்பிட்டாள். “மாமி சாமான்ல உங்களுக்கு எது வேணும் ஆன்ட்டி?”

“டிவி.”

“அதை சௌரி சார் கேட்டுட்டாரே.”

“அவருக்கு எதுக்கு? அவர் சுண்டைக்காய்க்கு அருமைன்னு பட்டம் வாங்கினது போதாதா?”

ஆயிஷா சிரித்துவிட்டாள். “ஐயோ ஆன்ட்டி, உங்களுக்குத் தெரியாதா? சார் கொண்டாந்தா மாமி கண்ணாடியை நெத்திக்கு ஏத்தி விட்டுக்குவாங்க. கண்ணாடி இல்லாம மாமிக்கு அதுல ஒண்ணுமே தெரியாது. ‘பார்த்தா சொல்ல வேண்டி வரும்மா, பாவம் மனுஷன்’னு சொல்லுவாங்க. உங்க வேலைக்கு மட்டும்தான் இறக்கிப் பார்ப்பாங்க.”

இதை உயிரோடு இருக்கும்போது சொல்லித் தொலைத்தால் என்ன குறைந்திருக்கும்? அந்தக் கண்ணாடியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். சௌரி சார், நீங்கள் இதைப் படித்துவிட்டு வருத்தப்பட வேண்டாம். அருமை என்று உங்களுக்குக் கிடைத்தது கிடைத்ததுதான். டிவியும் உங்களிடமே இருக்கட்டும். நான் வைத்துக்கொண்டது அக்காவின் கண்ணாடியையும், அந்த ‘மூடு’ என்ற ஒரு சொல்லையும்தான். அதை யாருக்கும் பங்கு தருவதாக இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பெட்டியைத் திறந்தேன். ஈயப் புள்ளிகள் பூசணிக்காய் அளவுக்குத் தெரிந்தன. ஓரத்தில் ஒன்று கொஞ்சம் சொட்டையாக இருந்தது. அக்கா பார்க்காமல் இருந்திருக்க முடியாது. அயனைச் சூடாக்கி, அதை உருக்கி, மறுபடி வைத்தேன். மூடினேன்.

அந்த நேரம் கேஸ் சிலிண்டர்காரர் வாசலில் கூப்பிட்டார். எழுந்தேன். கண்ணாடியைக் கழற்றவில்லை. தரை வழக்கத்தைவிடப் பக்கத்தில் இருந்தது. அடுப்படி ஓரமாகக் காலை வைத்தேன். அங்கே அரைத்து வைத்த இட்லிமாவுப் பாத்திரம் இருந்தது. கால் கணுக்கால்வரை உள்ளே போனது. சிலிண்டரை வாங்கி உள்ளே வைத்தேன். மறுநாள் காலை எங்கள் வீட்டில் உப்புமா.