ஓரிடமும் நகராத பட்டியல்

சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை பார்த்தேன். அங்கே ஆறு பெண்கள் வாரம் ஓர் இடமாக மாறி மாறி நிற்க வேண்டும். கடைசி இடம், துரு நீக்கும் அமிலத் தொட்டி. இந்த வாரப் பட்டியல் போன வாரத்தையே சுழற்றியதுதானா என்று சரிபார்க்க ஒரு கணினி நிரல் எழுதினேன். பழைய பட்டியலை இருமுறை அடுத்தடுத்து வைத்து, புதியது அதே வரிசையில் அதற்குள் இருந்தால் ‘சரி’ என்று காட்டும்.

மூன்றாம் வாரம் அவர்களில் பிள்ளைச்சாவடியிலிருந்து வரும் பெண் என் மேசைக்கு வந்தார். விரல் நுனிகளில் தோல் உரிந்திருந்தது.

“மூணு வாரமா தொட்டியிலயே நிக்கிறேன் சார். உங்க கம்ப்யூட்டர் எப்படி சரின்னு சொல்லுது?”

பட்டியல் போடும் மேற்பார்வையாளர் அதை மாற்றவே இல்லை. ஓரிடமும் நகராத பட்டியலும் கணக்குப்படி சுழற்சிதான். அதைத் தடுக்கும் வரியை நான் எழுதவில்லை.

மேற்பார்வையாளர் எல்லோர் முன்பும் அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தார். “கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு. நீ இன்னா அதவிடப் பெரிய ஆளா?”

அன்று மாலையே அந்த வரியைச் சேர்த்தேன்.

திங்கட்கிழமை பட்டியல் ஓரிடம் நகர்ந்திருந்தது. ஆனால் பிள்ளைச்சாவடிப் பெண்ணை வேலையிலிருந்து நிறுத்திவிட்டு, பழையதிலும் புதியதிலும் அவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வேறொரு பெண்ணின் பெயரை மேற்பார்வையாளர் தட்டச்சு செய்திருந்தார். நிரல் ‘சரி’ என்றது.