சூடான பம்ப்

பல்லேகலயில் நான் வேலை செய்த தொழிற்சாலை வாசலில் ஒரு காவலாளி இருந்தார். ஒட்டிய கன்னம், இமைக்காத கண்கள். தன் கதிரையைத் தொட்டுப் பார்த்துத்தான் உட்காருவார். சூடாயிருந்தால் யார் உட்கார்ந்தது என்று எல்லோரையும் விசாரிப்பார்.

ஒருநாள் அவருடைய பம்பை வாங்கி, சைக்கிளுக்குக் காற்றடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

"சுடுதே! அடுப்புகிட்ட வச்சீங்களா?"

"இல்லங்க. காத்த வேகமா அமுக்குறோம். நாம தள்ளுற வலு, வெளிய போக நேரமில்லாம காத்துலயே சூடா நின்னுடுது."

அவர் நம்பவில்லை. பம்பைத் தண்ணீர் வாளியில் போட்டு ஆறவைத்தார். என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தானே அடித்தார். சுட்டது.

"அப்ப யாரும் உக்காராமலே கதிரையும் சூடாகுமோ?"

"சத்தியமா ஆகாதுங்க."

அதையும் நம்பவில்லை. இனிச் சூட்டை வைத்து ஆளைப் பிடிக்க முடியாதென்று, அன்றுமுதல் தேத்தண்ணி குடிக்கப் போகும்போதும் கதிரையைத் தூக்கிக்கொண்டே போனார்.