காலைக் கடிக்கிறதா?

அந்த வெளிநாட்டு டிவிக்காரர்களை நான் நம்பவில்லை. சாதாரண மக்களின் வாழ்க்கை வழியாக நாடுகளைக் காட்டும் தொடராம். தொண்ணூறுகளின் கடைசியில் ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனிக்கு வந்து, தையல் பிரிவு அமலாவைப் படமெடுத்தார்கள். சூப்பர்வைசரான நான்தான் மொழிபெயர்ப்பாளர். நம்மை அசிங்கமாகக் காட்டி ஏற்றுமதி ஆர்டரைக் கெடுக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"பசை வாடைல தலைவலி ஜாஸ்தி சார்," என்றாள் அமலா.

"வேலை ரொம்பப் பிடிக்குமாம்," என்று ஆங்கிலத்தில் மாற்றிவிட்டேன்.

படம் பார்ப்பவர்களிடம் ஏதாவது கேட்க ஆசையா என்றார் பேட்டி எடுத்த பெண்மணி. இன்னும் என்ன புகார் வருமோ என்று அமலாவை முறைத்தேன்.

"நான் தைக்கிற ஷூ அவங்க காலைக் கடிக்குதான்னு கேளுங்க சார். கடிச்சா சொல்லட்டும், பாத்து தைக்கிறேன்."

அதை அப்படியே மொழிபெயர்த்தேன். பிறகு, முன்பு சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டு, தலைவலியையும் சொன்னேன். கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாளே மேனேஜர் என்னைக் கிடங்குக்கு மாற்றினார். வருத்தமில்லை. அன்று அந்த அறையில் சந்தேகத்துக்குரிய ஆள் நான் ஒருவன்தான்.