ஈறு மரத்துப்போகும் வரை

என் அண்ணி மிர்த்தா தன் நாவலில் பெரும்பகுதியை எழுதியது, அடுத்தவர் ஈறு மரத்துப்போகக் காத்திருந்த நேரங்களில்தான். அவர் பல் டாக்டர். சால்ட்டோவில், ஆற்றுக்குப் போகும் தெருவில் கிளினிக். அவர் கணவர் வில்மரின் தங்கையான நான்தான் வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பவள். ஊசி போட்டதும் அண்ணி, “கொஞ்ச நேரம் கண்ண மூடிட்டு இருங்க” என்பார். அவர்கள் மூடிக்கொள்வார்கள். இவர் மேசைக்குப் போய் எழுதுவார். இடையில் கண் திறந்தவர்கள்கூட, டாக்டர் தங்கள் பல்லைப் பற்றித்தான் இவ்வளவு எழுதுகிறார் என்று நினைத்து, பயந்து மறுபடி மூடிக்கொள்வார்கள்.

கதை நன்றாக ஓடுகிற நாளை நான் வாசலிலிருந்தே கண்டுபிடித்துவிடுவேன்.

“டாக்டரம்மா, எனக்கு உதட்டுல உணர்ச்சி வந்துருச்சு” என்று உள்ளிருந்து குரல் வரும்.

“அப்படியா? இன்னொரு ஊசி போட்ருவோம்” என்பார் அண்ணி. அந்தக் குரலில் இருக்கும் சந்தோஷம் ஒரு டாக்டருக்கு அழகில்லை.

வீட்டில் எழுத வழி கிடையாது. அண்ணன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். ஊரார் வீட்டு ஃப்ரிட்ஜில் என்ன கோளாறு என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். தன் வீட்டு ஃப்ரிட்ஜில் வெண்ணெய் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் மனைவியைக் கேட்டால்தான் தெரியும். மகள் ஹிமெனாவுக்குப் பதினாலு வயது. அம்மா ஒரு வாக்கியத்தைத் தேடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் அவள் ஹாக்கிப் பாவாடையோடு வந்து நிற்பாள். “அம்மா, நீ சும்மாதானே இருக்க?”

இப்படி இருக்கையில், தலைநகர் மொன்டெவிடியோவிலிருந்து ஒரு சின்னப் பதிப்பகம் பதில் போட்டது. அனுப்பிய அத்தியாயங்கள் பிடித்திருக்கின்றன, குளிர்காலம் முடிவதற்குள் மீதியும் வேண்டும் என்று. அண்ணன் கொல்லையில் கரி மூட்டி, விலா இறைச்சி வாட்டி, எல்லோருக்கும் முன்னால் வாக்குக் கொடுத்தார். “இனிமே வீட்ட நான் பாத்துக்கறேன். நீ எழுது, மிர்த்தா.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு வெந்நீர்க் குளத்துக்குக் கிளம்பினார். அண்ணி காகிதத்தை எடுத்து வைத்து உட்கார்ந்த உடனே போன் அடித்தது.

“துண்டெல்லாம் எந்தப் பையில வச்ச?”

“நீலப் பையில.”

“நீலப் பை எங்க?”

“என் கண்ணு முன்னாடி, கதவோரமா இருக்கு.”

அதை எடுக்கத் திரும்பி வந்தார். வந்தவர் வந்ததுதான் வந்தோமென்று மாத்தே தேநீர் ஊற்றிக் குடிக்க உட்கார்ந்துவிட்டார். அன்றைய எழுத்து அதோடு சரி.

அந்தச் சமயத்தில் டான் அன்செல்மோ ரூட் கெனால் சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்; வயதுக்கு மரியாதையாக ஊரே ‘டான்’ போட்டுத்தான் கூப்பிடும். வாயைத் திறந்துகொண்டு பேச முடியாமல் கிடப்பவரைவிட நல்ல வாசகர் ஏது? அண்ணி வேலை செய்தபடியே அவருக்குக் கதை சொல்ல ஆரம்பித்தார். பம்ப் ரிப்பேர்க்காரர் ஒருவரின் மனைவி, சமையலைப் பாதியில் விட்டுவிட்டு, படகேறி எதிர்க்கரைக்கு, அர்ஜென்டினாவுக்குப் போய்விடுகிறாள். அந்த இடம் வந்ததும் அன்செல்மோ இரண்டு கையையும் ஆட்டினார்.

“வலிக்குதா?”

இல்லையென்று தலையசைத்து, வாயிலிருந்த பஞ்சைத் தானே பிடுங்கினார். “அந்த மனுசன் என்னம்மா பாவம் பண்ணான்? அடுப்பையாவது அணைச்சுட்டுப் போகச் சொல்லுங்க!”

பல் சரியானதும் அவர் வாய்க்கு வேலை கிடைத்தது. கிளப்பில் சீட்டாட்ட மேசையில் அத்தனையையும் கொட்டினார். டாக்டர் எழுதுகிற கதையில் மனைவி போகிறாள் என்று தொடங்கிய பேச்சு, நாலு தெரு தாண்டுவதற்குள் டாக்டரே போகப்போகிறார் என்று ஆகிவிட்டது. கசாப்புக்கடைக்காரர் அண்ணனுக்குக் காசு வாங்காமல் கூடவே இரண்டு துண்டு இறைச்சி போட்டு, “மனச விட்றாதீங்க, வில்மர்” என்றார். அண்ணன் எதற்கென்று தெரியாமலே நன்றி சொல்லிவிட்டு வந்தார். விஷயம் தெரிந்த அன்று மத்தியானம் கிளினிக்குக்கு வந்து என் முன்னால் நின்றார்.

“நெலிதா, எனக்குப் பல்லு வலிக்குது. உள்ள போகணும்.”

கல்யாணமான நாளிலிருந்து மனைவியின் நாற்காலியில் உட்காராதவர் அவர். ஊசி என்றாலே முகம் வெளுத்துவிடும். நிஜமாகவே ஒரு கடைவாய்ப்பல் சொத்தையாக இருந்தது. அண்ணி ஊசியைப் போட்டுவிட்டு, பழக்க தோஷத்தில் மேசைக்குப் போய்விட்டார். நான் கதவருகில் ஏதோ அடுக்குவதுபோல நின்றேன்.

“அவ ஏன் போறா?” என்றார் அண்ணன். உதடு மரத்திருந்ததால் வார்த்தை வழுக்கியது.

“யாரு?”

“பம்ப்புக்காரன் பொண்டாட்டி.”

அண்ணி பேனாவை வைத்துவிட்டுத் திரும்பினார். “அவ திரும்பி வந்துருவா, வில்மர். கொஞ்ச நேரம் யாரும் கூப்பிடாத எடத்துல உக்காரணும்னு போறா. அவ்வளவுதான்.”

அண்ணன் வாயோரம் வழிந்த எச்சிலைத் துடைத்துக்கொண்டார். மரத்துப்போன பக்கத்துக் கன்னத்தில் மட்டும் எந்த உணர்ச்சியும் தெரியவில்லை.

“சரி, வரட்டும். ஆனா அந்த ஆளுக்கு ஒரு நல்ல காரியமாவது செய்யக் குடேன். புத்தகம் பூரா ‘வெண்ணெய் எங்க, வெண்ணெய் எங்க’ன்னு கேட்டுட்டே இருக்கானாமே.”

“நீ செஞ்சாத்தானே நான் எழுத முடியும்?”

கேலியாகத்தான் சொன்னார். அண்ணன் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வியாழக்கிழமையே பருப்புக் குழம்பு வைத்தார். அடிப்பிடித்தது. மகளை ஹாக்கிக்குக் கொண்டுபோய் விட்டார், வேறு மைதானத்தில். ஆனாலும் விடவில்லை. ஒவ்வொரு நாளும் அண்ணி கிளினிக்கிலிருந்து வந்ததும் ஒரே கேள்வி: “இன்னிக்கி கதையில நான் வந்தேனா?”

“வந்த. குழம்பு கருகிச்சு.”

“அத ஏன் எழுதுன? நாளைக்கி நல்லா வைப்பேன், அத எழுது.”

நாளாக நாளாகக் குழம்பு நன்றாகவே வந்தது. நாவலும் முடிந்தது. கொஞ்சம் தாமதம்தான், வசந்தம் வந்து ஆரஞ்சு மரங்கள் பூத்துவிட்டன. பதிப்பகத்திலிருந்து திருத்தி அனுப்பிய பிரதியில், அந்தக் கணவன் சமைக்கிற அத்தியாயம் முழுதாக அடிக்கப்பட்டிருந்தது. நம்பும்படியாக இல்லையாம்.

அண்ணன் தானே மொன்டெவிடியோவுக்குப் போன் போட்டார். “அந்தப் புருஷன் நான்தான் பேசறேன்” என்று ஆரம்பித்து, வெங்காயம் எவ்வளவு, பருப்பு எவ்வளவு ஊற வேண்டும், பூசணி எப்போது சேர்க்க வேண்டும் என்று மூச்சு விடாமல் சொன்னார். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் எனக்கே கேட்டது. பாதி அத்தியாயம் திரும்பி வந்தது.

இப்போதும் வியாழக்கிழமை சமையல் அண்ணன்தான். அன்று சாயங்காலம் கடைசி ஆள் போனதும் அண்ணி கிளினிக்கை விட்டு வருவதில்லை; அடுத்த கதைக்கு உட்கார்ந்துவிடுவார். யாராவது வந்தால், உள்ளே ஆள் இருக்கிறது என்று சொல்லி அனுப்புவது என் வேலை. போன வாரம் டான் அன்செல்மோ வந்து எட்டிப் பார்த்தார்.

“யாரு உள்ள?”

“புது ஆளு. பேரு இன்னும் வைக்கல.”

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, காத்திருக்கும் பெஞ்சில் அவர் உட்கார்ந்துவிட்டார்.