வெவ்வேறு வம்சம்

காசநோய்க் கிருமிகளின் மரபணுக்களை ஒப்பிட்டு, யாரிடமிருந்து யாருக்குப் பரவியது என்று கண்டறியும் ஆய்வில் வேலை பார்க்கிறேன். வீடு வீடாகப் போய்ச் சளி மாதிரி வாங்கி வருவது என் பொறுப்பு.

காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு பெண்ணுக்கு நோய் வந்தது. நான்கு மாதம் கழித்து அவள் மாமியாருக்கும் வந்தது. மருமகள்தான் ஒட்டவைத்தாள் என்று அவளை எண்ணூரில் இருந்த தாய்வீட்டுக்குத் துரத்திவிட்டார்கள். குழந்தையைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். நானும் அவளிடமிருந்துதான் பரவியது என்றே நினைத்தேன்.

ஓர் ஆண்டு கழித்து முடிவு வந்தது. இரண்டு கிருமிகளும் வெவ்வேறு வம்சம். மாமியாருக்கு வேறு யாரிடமிருந்தோ வந்திருக்கிறது. இதை அவர்களிடம் சொல்ல அனுமதி கேட்டு நான் எழுதிய கடிதம் மாதக்கணக்கில் மேசை மேசையாக நகர்ந்தது.

அனுமதி கிடைத்த அன்றே காசிமேட்டுக்குப் போனேன். மாமியார் குணமாகியிருந்தார்.

"அவகிட்டேர்ந்து வர்லன்றியா?"

"நிச்சயமா இல்லம்மா."

"இத்த அப்பவே சொல்லிருக்கணும். என் புள்ள இப்ப வேற ஒருத்திகூட வாய்ந்துகினு கீறான். நான் இன்னா பண்றது?"

எண்ணூருக்குப் போய் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் அழவில்லை.

"இத்த எயுதிக் குடு அக்கா. கோர்ட்டுல காட்டிப் புள்ளயக் கேக்கணும்."

எழுதித் தர எனக்கு அதிகாரம் இல்லை. மறுபடியும் ஒரு கடிதம் எழுதினேன். இன்னும் பதில் வரவில்லை.